இரண்டாம் பக்கத்து மூன்றாம் பாட்டு

அந்த ஐந்து பேரின் பாட்டை எங்கள் சந்துக்குக் கொண்டுவந்தவர் என் அப்பா. அவருக்கு இங்கிலீஷில் கப்பல்காரர்களிடம் சொல்லும் நாலைந்து சொற்களைத் தவிர ஒன்றும் தெரியாது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க ஆள் அனுப்பும் ஒரு கம்பெனியில் விஞ்ச் ஓட்டினார். கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு, அடியிலிருந்து மூட்டைகளையும் பெட்டிகளையும் கம்பிக் கயிற்றில் தூக்கிக் கரையில் இறக்குகிற வேலை. நாள் முழுக்க அந்த இயந்திரத்தின் இரைச்சலிலேயே இருந்ததால் வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவார்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. ஒருமுறை ஒரு வெளிநாட்டுக் கப்பல் சரக்கு இறங்கி முடியாமல் பல நாள் நின்றது. அதன் சமையல்காரர் தன் அறைக் கதவைத் திறந்துவைத்து ரெக்கார்டு போட்டுக் கேட்பார். விஞ்ச் ஓய்ந்திருக்கும் நேரத்தில் அப்பா அந்தக் கதவு ஓரம் போய் நிற்பார். கப்பல் புறப்படுவதற்குள் காசிமேட்டிலிருந்து நல்ல வஞ்சிரமாகப் பார்த்து வாங்கிப்போய் அந்தச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு, அந்த ரெக்கார்டைக் கைலியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்தார். சிவப்பு அட்டை. ஒரு மாடிப்படியில் ஐந்து வெள்ளைக்காரப் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, மீனைக் கொடுத்து யாராவது அட்டை வாங்குவார்களா என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் ரெக்கார்டு போடுகிற பெட்டி கிடையாது. கரண்டும் கிடையாது. இரண்டும் பெரியப்பா வீட்டில் இருந்தன. ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்னால் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். பெரியப்பா ரயில்வே சரக்குக் கொட்டகையில் எழுத்தர். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு ஆங்கிலோ இந்திய, எங்கள் பேச்சில் சட்டைக்கார, குடும்பத்திடமிருந்து அந்த பிளேயரை வாங்கியிருந்தார். அவருக்கு ஒரே மகன். என்னைவிட மூன்று வயது மூத்தவன். எங்கள் சந்திலேயே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரே பையன். நான் பங்குக் கோயிலின் தமிழ்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கூடப்பிறந்தது ஒரு தம்பி மட்டும், அப்போது கைக்குழந்தை. அதனால் நான் அண்ணா என்று கூப்பிட்டதெல்லாம் பெரியப்பா மகனைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கறிச்சோறு சாப்பிட்டு, பெரியவர்கள் கண்ணயர்ந்த பிறகு பாட்டு தொடங்கும். பெரியப்பாவுக்குத் தூக்கம் கெட்டால் கோபம் வரும் என்பதால் பிளேயரின் மேல் ஒரு துண்டைப் போட்டுவைப்போம். அண்ணன் முள்ளை இறக்குவான். அப்பா தரையில் சுவரோடு சாய்ந்து காலை நீட்டிக்கொள்வார். நான் அவர் பக்கத்தில்.

சிவப்பு அட்டையின் முதல் பாட்டு டிரம்மில் தொடங்கும். வேறு எதுவுமே இல்லாமல் டிரம் மட்டும். கேட்கிறவனுக்கு எப்போது நிற்கும் என்று பதற்றம் வருகிற வரைக்கும் அடித்துவிட்டு, யாரோ ஒருவன் ஒரே ஒரு சொல்லைக் கத்துவான். அதோடு மற்ற எல்லாமும் ஒன்றாக வந்து விழும். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வேன். அப்பா சிரித்துவிடுவார். அந்தக் குழுவின் பெயரை எங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அப்பா அவர்களை ‘அஞ்சு பசங்க’ என்றே சொன்னார். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன்.

பாட்டு முடிந்ததும் அப்பா அண்ணனைப் பார்த்து, என்ன பாடுகிறான் என்று கேட்பார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை போடச் சொல்வான். கேட்டு முடித்துவிட்டு அர்த்தம் சொல்வான். டிரம் பாட்டு ஒரு ரயில் டிரைவரைப் பற்றியது. தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்காததால் ரயிலையே ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டானாம். அடுத்த பாட்டு, சம்பளம் கொடுக்காத முதலாளியின் தொப்பியைக் காற்று தூக்கிக்கொண்டு போனதைப் பற்றி. அப்பாவுக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடித்துப்போனது. மறுநாள் கப்பலில் தன் ஆட்களிடம் அதையெல்லாம் சொல்லியிருக்கிறார். அந்த ஐந்து பேரும் நம்மைப் போலவே ஒரு துறைமுகத்து ஊரில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள் என்று அண்ணன் சொன்ன பிறகு, அப்பா அவர்களைத் தன் சொந்தக்காரர்கள் மாதிரியே பேசத் தொடங்கினார்.

இரண்டாவது ரெக்கார்டு அடுத்த வருஷம் வந்தது. இந்தத் தடவை வேறு கப்பல், வேறு ஆள், மீனுக்குப் பதில் ஒரு கூடை மாம்பழம். அட்டையில் வண்ணமே இல்லை. கருப்பு வெள்ளை. ஒரு செங்கல் சுவர் முன்னால் ஐந்து பேரும் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்காமல் நின்றார்கள். முதல் ரெக்கார்டில் ஒட்டி உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதற்குள் என்னவோ ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. பாட்டுகளும் அப்படியே. கிட்டாரை இழுத்து இழுத்து அழவிட்டார்கள். இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு மட்டும் மெதுவானது. எங்கள் கோயில் ஆர்மோனியம் போல ஒரு வாத்தியத்தில் தொடங்கும். பாடுகிறவன் குரலை உயர்த்தவே மாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். கடைசியில் மற்ற நாலு பேரும் சேர்ந்து, தூரத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி குரல் கொடுப்பார்கள். அதோடு பாட்டு தேய்ந்து போய்விடும்.

அப்பாவுக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர். ஒரு மழைக்காலத்துச் சாயங்காலம் அது ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டு போய்விட்டது. தட்டு மெதுவாகச் சுழன்று நின்றுபோக, பாடுகிறவன் குரலும் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கி நின்றது. அப்பா விட்ட இடத்திலிருந்து எடுத்து, வாய்க்கு வந்த சத்தங்களைப் போட்டு, இருட்டிலேயே மீதிப் பாட்டைப் பாடி முடித்தார். பெரியம்மா கூடக் கையில் விளக்கோடு நின்று கேட்டாள். அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று அப்பா பலமுறை கேட்டும் அண்ணன் முழுதாகச் சொன்னதில்லை. அது சோகப் பாட்டு சித்தப்பா, யாரோ யாரையோ விட்டுட்டுப் போறாங்க என்பான். அதற்கு மேல் போக மாட்டான்.

மூன்றாவது ரெக்கார்டு வந்தபோது நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் இருந்தேன். அட்டை முழுக்க மீனும் பூவும் கண்களுமாக வண்ணத்தில் வரைந்திருந்தது. பாட்டுகளுக்கு நடுவே ஒரு குழந்தை சிரித்தது. மணி அடித்தது. தண்ணீர் கொட்டியது. பெரியப்பா அதைப் பேய் பிடித்தவர்கள் பாட்டு என்றார். எனக்கும் முதலில் பயமாக இருந்தது, பிறகு அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அப்பாவால் அதைச் சரியாகக் கேட்கக்கூட முடியவில்லை. அந்த மாதங்களில் துறைமுகத்தில் வேலை மிகுதி. ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டார்கள்.

பரீட்சை முடிந்து ரிசல்ட் வந்த கொஞ்ச நாளில் அப்பா இறந்துபோனார். அவர் ஓட்டிய விஞ்சில் எந்தக் கோளாறும் இல்லை. பக்கத்து விஞ்சின் கம்பிக் கயிறு அறுந்து, சுழன்று வந்து அவரை அடித்துக் கடலில் தள்ளிவிட்டது. எடுத்து வரும்போதே உயிரில்லை. காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்தோம். அம்மா மயங்கி மயங்கி விழுந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். பெற்ற தகப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று என் காதுபடப் பேசினார்கள்.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்பே கம்பெனியிலிருந்து ஒரு மேலாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து அம்மாவிடம் பேசினார். வேலையில் இறந்தவர் வீட்டிலிருந்து ஒருவருக்கு வேலை கொடுப்பது அவர்கள் வழக்கம். பெண் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருக்கிறாள் அல்லவா, சரக்குக் கணக்கு எழுதும் ஆபீஸில் ஒரு இடம் இருக்கிறது, அனுப்புகிறீர்களா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் உடனே சரி என்றேன். அப்பா போய்வந்த வாசல் வழியாக நானும் போய்வரலாம் என்பது அந்த ஒரு மாதத்தில் எனக்குக் கேட்ட ஒரே நல்ல செய்தி.

அன்று மாலையே பெரியப்பா வந்தார். துறைமுகத்தில் ஒரு பெண் பிள்ளையா என்று ஆரம்பித்தார். ஆயிரம் ஆம்பளைகளுக்கு நடுவில் போய்வந்தால் நாளைக்கு யார் கட்டுவான் என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது அந்த வேலையைத் தரச்சொல்லி நாங்கள் எழுதிக் கொடுத்தால் கம்பெனி ஒத்துக்கொள்ளும் என்று விசாரித்து வைத்திருந்தார். அண்ணன் அப்போது வீட்டில்தான் இருந்தான். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் தவறி, அதை மறுபடி எழுதவும் மனமில்லாமல், வேலையும் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த வேலை கிடைத்தால் இரண்டு வீட்டையும் அவனே பார்த்துக்கொள்வான் என்றார் பெரியப்பா. நான் முடியாது என்றேன். மறுநாளும் வந்தார். மறுபடியும் முடியாது என்றேன். என் வாழ்க்கையில் பெரியவர் ஒருவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அதற்கு அடுத்த சாயங்காலம் அண்ணன் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து கூப்பிட்டான். வா பாப்பா, ரொம்ப நாளாச்சு, பாட்டு கேப்போம் என்றான். பெரியப்பாவும் பெரியம்மாவும் வெளியே போயிருந்தார்கள். அப்பா சாய்ந்து உட்காரும் சுவர் ஓரமாகவே உட்கார்ந்தேன். அவன் கருப்பு வெள்ளை அட்டையை எடுத்து, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, நேரே மூன்றாவது பாட்டில் முள்ளை வைத்தான். பாட்டு முடிந்ததும் முள்ளைத் தூக்கி வைத்தான்.

“சித்தப்பா எத்தினி வாட்டி கேட்டாரு, நான் சொல்லல. இது ஒரு அப்பனும் பொண்ணும் பேசிக்கிறது பாப்பா,” என்றான். “காலைல அப்பா வேலைக்குக் கெளம்புறாரு. பொண்ணு கதவாண்ட நின்னுகினு நானும் வர்றேங்குது. அவரு சொல்றாரு, நான் போற எடத்துக்கு நீ வராத கண்ணு. அங்க இரும்பும் தண்ணியுந்தான் கீது. நீ வூட்டுல அம்மாவப் பாத்துக்க. உன்ன உன் அண்ணன் பாத்துப்பான்னு.”

மறுபடியும் போட்டான். இப்போது ஒவ்வொரு அடிக்கும் எனக்கு அர்த்தம் இருந்தது. அந்த வாத்தியம் தொடங்கியதும் அப்பா கதவைத் திறப்பது தெரிந்தது. கடைசியில் அந்த நாலு பேரின் குரல் வந்தபோது அது துறைமுகத்து ஆட்கள் அவரைக் கூப்பிடுகிற குரலாகக் கேட்டது. அடக்கத்தன்று வராத அழுகை அன்று வந்தது. தரையில் படுத்து அழுதேன். அண்ணன் என் தலையைத் தடவிக்கொடுத்தபடி பக்கத்திலேயே இருந்தான்.

மறுநாள் காலை பெரியப்பா கொண்டுவந்த தாளில் அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டோம். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. அப்பா வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கு நான் போகக்கூடாது என்று நானாகவேதான் முடிவு செய்தேன்.

முதல் சில மாதங்கள் அண்ணன் அரிசியும் சாமானும் கொண்டுவந்து வைத்தான். பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெரியப்பா குடும்பம் தண்டையார்பேட்டையில் பெரிய வீடு பார்த்துக்கொண்டு போனது. பிளேயரும் அப்பாவின் மூன்று ரெக்கார்டுகளும் அவர்களோடு போயின. அரிசி வருவது நின்றது. அம்மா அதைப் பற்றிப் போய்க் கேட்கவில்லை, என்னையும் கேட்க விடவில்லை. அவள் மீன் காயவைக்கும் இடத்தில் கூலிக்குப் போனாள். நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடைக்காரரிடம் சட்டைகளுக்குக் காஜா எடுத்து பட்டன் வைக்கும் வேலைக்குப் போனேன். குனிந்து குனிந்து கழுத்து வலிக்கும். ஊசி குத்தாத விரல் இருக்காது. அந்த நேரத்தில் மனதுக்குள் அந்தப் பாட்டைப் போட்டுக்கொள்வேன். அப்பா சொன்னதைக் கேட்டு நடக்கிறேன் என்ற நினைப்பு ஒன்று இருந்தது. அது பெரிய ஆறுதல். அது இல்லாவிட்டால் அந்த வருஷங்களை எப்படிக் கடந்திருப்பேன் என்று தெரியாது.

சாயங்காலங்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் லோயரும் ஹையரும் பாஸ் செய்தேன். இங்கிலீஷும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. எழுபதுகள் பிறந்து கொஞ்ச காலத்தில் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. ராயபுரத்திலிருந்து தினமும் ரயில். ஜன்னலுக்கு வெளியே திருவொற்றியூர் தாண்டியதும் கடல் தெரியும், பிறகு புகைபோக்கிகள் தெரியும். காஜா வேலைக்கு அது சொர்க்கம்.

எங்கள் ஆபீஸில் மூத்த ஸ்டெனோ ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். எல்லாரும் மிஸ் என்று கூப்பிட்டோம். அவரும் ராயபுரம்தான், ரயில்வே குவார்ட்டர்ஸில் தாயோடு இருந்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். கேக்கும் ஒயினும் கொடுத்தார். ஒரு மூலையில் பிளேயர் இருந்தது. அதன் அடியில் சாய்த்து வைத்திருந்த ரெக்கார்டுகளில் அந்தக் கருப்பு வெள்ளைச் செங்கல் சுவர் தெரிந்தது.

அந்த அட்டையைக் கையில் எடுத்தேன். எத்தனையோ வருஷம் மனதுக்குள் மட்டும் கேட்ட பாட்டு. இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டைப் போடச் சொன்னேன். ஆர்மோனியம் மாதிரி அந்த வாத்தியம் தொடங்கியதுமே கண் நிறைந்துவிட்டது. மிஸ் முதலில் சிரித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். உனக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார். இது என் அப்பாவின் பாட்டு என்றேன். அப்பா மகளிடம் சொல்லிவிட்டுப் போகிற பாட்டு இல்லையா, எங்கப்பா துறைமுகத்தில் இறந்துபோனார் என்று சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். ரெக்கார்டைப் பார்த்தார். வேறு ஏதோ பாட்டை நினைத்துக்கொண்டு பேசுகிறேன் என்று எண்ணியிருக்க வேண்டும்.

“டார்லிங், இது காமெடி சாங்மா,” என்றார் மெதுவாக. “டாடி எல்லாம் இதுல யாரும் இல்ல.”

மறுபடி போட்டு, ஒவ்வொரு அடியாக எனக்குச் சொன்னார். குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறான் ஒருவன். அவன் குடியிருக்கும் வீட்டுக்காரி கதவைச் சாத்திவிட்டாள். மழையில் நின்றுகொண்டு, குடையையாவது ஜன்னல் வழியாகப் போடு, பேண்ட்டையாவது போடு என்று கெஞ்சுகிறான். கடைசியில் வருகிற அந்த நாலு குரல்களும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். தூக்கத்தைக் கெடுக்காதே, போடா என்று அவனைத் திட்டுகிறார்கள். சொல்லச் சொல்ல எனக்கே ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. குடை என்ற சொல் அவ்வளவு தெளிவாக இருந்தது. மழை என்ற சொல்லும் இருந்தது. இத்தனை வருஷம் டைப் அடித்த சொற்கள்தான். இரும்பு இல்லை. மகள் இல்லை. அண்ணன் இல்லை.

அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அந்த ஐந்து பேரைப் பற்றிப் போட்டிருந்தது. அதைப் படிக்க எனக்கு யாரும் தேவைப்படவில்லை. ஒருவன் டாக்டர் மகன். ஒருவன் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து வந்தவன். ஒருவனுடைய தகப்பனாருக்கு பியானோ கடை. மூட்டை தூக்குகிறவன் மகன் யாருமில்லை. அப்பா தன் ஆட்களிடம் பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். முதலில் அந்த ஐந்து பேர் மேல்தான் கோபம் வந்தது. ஒரு குடிகாரன் பேண்ட் கேட்பதற்கு எதற்காக அப்படி ஒரு ராகம், எதற்காகக் கோயில் வாத்தியம், எதற்காக அந்தக் குரல் என்று பைத்தியம் மாதிரி மனதுக்குள் அவர்களோடு சண்டை போட்டேன். பாலத்துக்கு அருகில் வந்தபோதுதான் அண்ணன் சொன்ன வரிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நான் போற எடத்துக்கு நீ வராத. உன்ன உன் அண்ணன் பாத்துப்பான். அதை அவன் சொன்னது, பெரியப்பாவிடம் நான் இரண்டாம் முறை முடியாது என்றதற்கு அடுத்த நாள் என்பதும் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

அந்த வாரமே ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் துறைமுக வாசலுக்குப் போனேன். அண்ணன் சட்டைப் பையில் பாஸோடு வெளியே வந்தான். உடம்பு போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடிவந்தான். எதிரே டீக்கடை ஓரமாகக் கூட்டிப்போனான். நான் சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பாட்டு குடையையும் மழையையும் பற்றியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன்.

அவனுக்கு எந்தப் பாட்டு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். நான் எதையும் கேட்காமலே அவன் பேச ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வாத்தியார் பேசும் இங்கிலீஷே பாதிதான் புரியும், அந்த ஐந்து பேர் பாடுவது ஒரு வரிகூடப் புரியாதாம். சித்தப்பா அவ்வளவு ஆசையாகக் கேட்கும்போது தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததாம். அதனால் ரயிலையும் தொப்பியையும் இட்டுக்கட்டினான். அவர் சந்தோஷப்பட்டார், அது அப்படியே போய்விட்டது.

அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் அந்த ரயில் டிரைவரை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அப்பா அந்தக் கதைகளால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாக இருந்தார்.

“அந்த மூணாவது பாட்டு?” என்றேன்.

கிளாஸைத் தள்ளி வைத்தான். “எங்கப்பாதான் சொன்னாரு. அவ உன் பேச்சத்தான் கேப்பா, எப்டியாச்சும் கையெழுத்து போட வையின்னாரு. நான் அப்ப வேலையில்லாம நாயா அலைஞ்சுகினு இருந்தேன் பாப்பா.”

“அதுக்கு எங்கப்பா பாட்டுதான் கெடச்சுதா?”

“வேற இன்னா சொல்லியிருந்தாலும் நீ கேட்டிருக்க மாட்டே,” என்றான்.

உண்மை. அந்த உண்மைதான் என்னை அதிகம் அறுத்தது. எனக்குள் எந்தத் துக்கம் கரையாமல் இருந்ததோ, அதைத் தெரிந்துகொண்டு, சரியாக அதன்மேல் கை வைத்திருக்கிறான். அன்று என் தலையைத் தடவிக்கொடுத்ததை நினைத்தேன். அந்த நேரம் அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. அது பொய்யில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன். அழுதுகொண்டேதான் அதைச் செய்தான்.

ரெக்கார்டுகள் பத்திரமாக இருக்கின்றன, அவை உன்னுடையவைதான், நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். அவன் டீக்குக் காசு கொடுத்தான். சாப்பாட்டு நேரம் முடிகிற சங்கு ஊதியது. போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போனான். வாசலில் நின்ற காவலாளி அவனுக்கு வணக்கம் வைத்தான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. இப்போது தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அந்தப் பாட்டு ஒரு பொருட்டே இல்லை. புருஷனின் அண்ணன் வந்து கேட்டார், வீட்டில் எதிர்த்துப் பேச ஆள் இல்லை, கையெழுத்துப் போட்டோம் என்பதுதான் அவள் கணக்கு. இத்தனை வருஷம் நான் அப்பாவுக்குக் கீழ்ப்படிந்து நடந்தேன் என்று நினைத்திருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. சொன்னபோதும் விளங்கவில்லை. சித்தம் கலங்கிப் பேசுகிறேனோ என்று என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள்.

கோயிலில் அண்ணனைப் பார்க்காமல் இருக்க முடியாது. திருநாள்களில் அவன் மனைவி பிள்ளைகளோடு ராயபுரத்துக்கே பூசைக்கு வருவான். நான் எழுந்து போவதில்லை, பேசுவதும் இல்லை. ஒருமுறை அவன் சின்னப் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். அவள் கையை உதறவில்லை. அவ்வளவுதான்.

வருஷங்கள் போயின, தம்பி வளர்ந்தான். படிப்பில் மெத்தனம். பத்தாவதில் தவறி, தெருவில் பசங்களோடு சுற்ற ஆரம்பித்தான். அப்போது அண்ணன் கணக்கு ஆபீஸிலிருந்து மாறி, கப்பலில் ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி ஆகியிருந்தான். பெரியம்மா மூலம் சொல்லியனுப்பினான். பையனை அனுப்பட்டும், நான் சேர்த்துவிடுகிறேன் என்றான். அம்மா அன்று முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டு வளையவந்தாள். வேண்டாம், எண்ணூரில் என் ஆபீஸில் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். சொல்லியும் பார்த்தேன், இடமில்லை என்றார்கள். ஏன் வேண்டாம் என்கிறாய் என்று தம்பி கேட்டான். அவனுக்கு அப்பா முகமே நினைவில்லை. ரெக்கார்டுகளைப் பார்த்ததில்லை. அவனிடம் என்னவென்று சொல்ல? மறுவாரம் அவன் போய்ச் சேர்ந்தான்.

முதல் நாள் வேலை முடிந்து, உடம்பெல்லாம் கிரீஸோடு, பசியோடு வந்தான். பெரிய அண்ணன் கூடவே நின்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார் என்றான். கம்பிக் கயிறு பக்கம் போகவே விடவில்லையாம். மத்தியானம் அவர் தன் டப்பாவில் பாதியை இவனுக்குக் கொடுத்தாராம். நான் சோறு போட்டு, குழம்பு ஊற்றினேன். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவன் அண்ணனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.